ரோடு கிளைடில் பாட்டு: மைக் வைத்து அளப்பதா, காதால் கேட்டுத் திருகுவதா?

ஆஸ்டின்குதிரை
என்னிடம் 2020 ரோடு கிளைடு (ஹார்லி-டேவிட்சன் பைக்) இருக்கிறது. ஃபேரிங்கில் (முன்பக்கக் காற்றுத்தடுப்புக் கூடு) ஆறரை இன்ச் ஹார்ன் ஸ்பீக்கர் இரண்டு, பின் பெட்டி மூடிகளில் ஆறுக்கு ஒன்பது இன்ச் ஸ்பீக்கர் இரண்டு, நாலு சேனல் ஆம்ப், நடுவில் ஒரு டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் பெட்டி). கடையில் கொடுத்துதான் போட்டேன். கடைக்காரர் அரை மணி நேரம் காதால் கேட்டுத் திருகி விட்டார். நின்ற இடத்தில் கேட்டால் பிரமாதம், பாட்டு அப்படியே அகலமாக விரிந்து சுற்றி வளைத்த மாதிரி வருகிறது. ஆனால் 70 மைல் வேகம் தாண்டினால் பாடுகிறவர் குரல் காணாமல் போகிறது, சத்தத்தைக் கூட்டினால் குரல் வருவதற்கு முன்னால் நாதஸ்வரம் வந்து காதைக் குத்துகிறது. யூமைக்-1 என்று ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக் நூறு டாலர் பக்கம் விற்கிறது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அதிலிருந்து கிராஃப் போடும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். வாங்கலாமா, இல்லை வீண் செலவா?

காதுராஜா
வீண் செலவு. தம்பி, நான் பன்னிரண்டு வருடமாக என் வண்டியையும் ஊரில் பாதிப் பேர் வண்டியையும் காதால்தான் சரி செய்கிறேன். மைக் எங்கே வைப்பாய்? கராஜில், வண்டியை நிறுத்தி. நீ பாட்டுக் கேட்பது எங்கே? நெடுஞ்சாலையில், ஹெல்மெட்டுக்குள், காற்று அறைகிறபோது. 120 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் மட்டுமே 100 டெசிபலை ஒட்டி வரும். அந்த மைக்குக்கு இது தெரியுமா? ஒருத்தர் கிராஃபைக் கோடு போட்ட மாதிரி நேராக்கிக்கொண்டு வந்து காட்டினார், 40 மைலில் வெறும் டிரெபிள்தான் கேட்டது. அந்தக் காசில் நாலு முறை டேங்க் நிரப்பி, ஓட்டிப் பார்த்துத் திருகு.

டெசிபல்துரை
அண்ணன் சொல்வதில் காற்று விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் இரண்டு வேலையை ஒன்றாகக் குழப்புகிறார். ஸ்பீக்கர், வயரிங், ஆம்ப் இவற்றில் என்ன கோளாறு என்று பார்ப்பது ஒரு வேலை. ரோட்டில் எந்த அளவு டிரெபிள், எந்த அளவு பாஸ் என்று முடிவு செய்வது வேறு வேலை. முதல் வேலைக்குக் காற்றே தேவையில்லை, கராஜ்தான் நல்ல இடம்.

குதிரை, மைக் வாங்கினால் இதைச் செய்யுங்கள். மைக்கின் சீரியல் எண்ணைப் போட்டு அதற்கான திருத்தக் கோப்பை இறக்குங்கள், 0 டிகிரிக்கு ஒன்றும் 90 டிகிரிக்கு ஒன்றும் இருக்கும், மைக்கை வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்தால் 90. பாட்டரியில் சார்ஜரை மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆம்ப் குடித்துக் குடித்து அரை மணியில் வோல்டேஜ் இறங்கி, நீங்கள் அளப்பது ஸ்பீக்கரையா பாட்டரியையா என்றே தெரியாது. பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) கோப்பை மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக, ஒரு யுஎஸ்பி குச்சியில் போட்டு ரேடியோ வழியாகவே ஓட்டுங்கள். சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆள் இல்லாத சீட்டும் ஆள் உள்ள சீட்டும் ஒன்றல்ல. மைக்கை ஒரே இடத்தில் நட்டு வைக்காதீர்கள், தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மெதுவாக ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் சராசரி எடுங்கள். இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் சேர்த்து என்று கிராஃபில் மூன்று கோடு. ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் திருகு) இப்போதைக்குக் கையே வைக்காதீர்கள்.

அப்புறம் காதுராஜா அண்ணா, உங்களுடையது ஸ்ட்ரீட் கிளைடு, ஃபேரிங் ஹேண்டில்பாரோடு திரும்பும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து ஹேண்டில் ஒரு பக்கம் விழுந்த நிலையில் கேட்டுத் திருகினால் ஒரு ஸ்பீக்கர் உங்களையும் இன்னொன்று பக்கத்து வீட்டையும் பார்க்கும். ரோடு கிளைடில் ஃபேரிங் சட்டத்தோடு இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

காதுராஜா
பக்கத்து வீட்டுக்காரர் குறை ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கோளாறு பார்க்க மைக் என்கிறாய். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் இதே மைக்கை வைத்துக்கொண்டு கிராஃபில் ஒரு பள்ளம் பார்த்தான், பள்ளத்தைத் தூர்க்கிறேன் என்று அந்த இடத்தில் 10 டெசிபல் ஏற்றினான், பள்ளம் அப்படியே இருந்தது, இன்னும் ஏற்றினான். மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்பீக்கரிலிருந்து கருகிய வாடை. காது வைத்துத் திருகுகிறவன் எவனும் ஸ்பீக்கரை அப்படிக் கொன்றதில்லை.

டெசிபல்துரை
அது அந்தப் பையன் செய்த கொலை, மைக் மீது பழி போடாதீர்கள்.

விண்ட்ஷீல்டில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக வரும் ஒலியைவிட 17 சென்டிமீட்டர் அதிகம் பயணம் செய்து காதுக்கு வந்தால், 1000 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதுதான் அவன் பார்த்த மாதிரிப் பள்ளம். நேர் ஒலியை ஏற்றினால் திரும்பும் ஒலியும் அதே அளவு ஏறும், கழித்தல் கழித்தலாகவே இருக்கும். 10 டெசிபல் ஏற்றுவது என்றால் ஆம்ப் பத்து மடங்கு வாட் தள்ள வேண்டும், கருகாமல் என்ன செய்யும்? மைக்கை ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தினால் அந்தப் பள்ளமும் நகர்ந்திருக்கும், அப்போதே தெரிந்திருக்கும் அது ஈக்யூவால் மூடுகிற பள்ளம் இல்லை என்று. மேட்டை வெட்டு, பள்ளத்தை விட்டுவிடு. இதற்காகத்தான் மைக்கை ஆட்டிக்கொண்டே அளக்கச் சொன்னேன்.

தலைக்கவசம்
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நியோஷ் (அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) கணக்குப்படி 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 என்றால் பதினைந்து நிமிடம்தான். காற்றே 100 என்றால் அதை மீறிக் கேட்க நீங்கள் எவ்வளவு வைப்பீர்கள்? காதடைப்பானைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் மாட்டினால் வேலை முடிந்தது.

காதுராஜா
ஹெல்மெட் ஸ்பீக்கர் வேண்டும் என்கிறவன் ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஆம்ப் போடமாட்டான். ஆனால் காதடைப்பான் விஷயம் சரி, நானும் போடுகிறேன். போட்டால் பாட்டு குறைவாகக் கேட்கும் என்று பயந்தேன், காற்றிரைச்சல் இறங்கியதும் குரல் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது.

ஆஸ்டின்குதிரை
மைக் வாங்கவில்லை, ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கினேன். துரை சொன்னபடி மூன்று கோடு எடுத்தேன். இடது தனியாக நன்றாக இருக்கிறது, வலது தனியாகவும் கிட்டத்தட்ட அதே உருவம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கோடு மேலே ஏற வேண்டாமா? 100-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகிறது! ஒரு ஸ்பீக்கர் ஓடும்போது இருந்த பாஸ் இரண்டு ஓடும்போது இல்லை. மைக்கை நகர்த்திப் பார்த்தேன், பள்ளம் அசையவில்லை.

டெசிபல்துரை
ஈக்யூவைத் தொடாதீர்கள். ஃபேரிங்கைத் திறங்கள். இரண்டு ஸ்பீக்கரின் வயரையும் ஆம்பிலிருந்து கழற்றி, ஆம்ப் பக்கத்து முனையில் ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை பிளஸுக்கு பிளஸ் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் சரி, உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது.

ஆஸ்டின்குதிரை
இடது வெளியே. வலது உள்ளே.

கடையில் வலது பக்க வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஸ்பீக்கர் முனையில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிக் கிடந்தன. மாற்றி மாட்டி மறுபடி அளந்தேன், 100-400 பகுதியில் பள்ளம் போய் தனித்தனிக் கோட்டுக்கு மேலே 5, 6 டெசிபல் ஏறி நிற்கிறது. ஈக்யூவில் ஒரு புள்ளி தொடவில்லை. "அகலமாக விரிந்து வருகிறது" என்று நான் முதலில் பெருமையாக எழுதினேனே, அந்த அகலமே இந்தக் கோளாறுதான் போலிருக்கிறது. இப்போது குரல் விண்ட்ஷீல்டுக்கு நடுவில் ஆள் நிற்கிற மாதிரி வருகிறது.

டெசிபல்துரை
காரில் ஓட்டுபவர் ஒரு பக்கமாக உட்கார்கிறார், பைக்கில் நட்டநடுவில். இரண்டு ஸ்பீக்கரும் சம தூரம். அதனால் ஒன்று எதிர்ப்பக்கமாக இயங்கினால் நடுவில் இருப்பவருக்குத்தான் கழிவு முழுதாக விழும், குரல் பெரும்பாலும் இரண்டு சேனலிலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் முதலில் சாவது அதுதான். நின்ற இடத்தில் கேட்டால் ஏதோ விசாலமாகத் தோன்றும். காற்று வந்ததும் மிச்சமிருந்ததும் மூழ்கிவிடும்.

காதுராஜா
வலது பக்கம் காதை வைத்து, இடது பக்கம் காதை வைத்து, பேலன்ஸை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கடைக்காரருக்குக் காது இல்லை, அவ்வளவுதான்.

சரி, வயர் கண்டுபிடித்தாய், ஒத்துக்கொள்கிறேன். இப்போது என் கேள்விக்கு வா. இனி ஈக்யூ எப்படி வைப்பாய்? கோடு நேராக வைத்தால் ரோட்டில் செத்துவிடும் என்றேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. காற்றுச் சத்தத்தையும் மைக் வைத்து அளந்துவிடுவாயா?

டெசிபல்துரை
அளக்க முடியாது. மைக்கில் காற்று நேரடியாக மோதினால் அதுவே கடகடவென்று ஒரு பொய்ச் சத்தத்தை உண்டாக்கும், அந்த கிராஃபுக்கு அர்த்தமில்லை. இங்கே அண்ணன் ஜெயித்தார். ரோட்டு அளவை ரோட்டில் காதுதான் சொல்ல வேண்டும். ஆனால் திருகத் தொடங்குகிற இடம் சுத்தமாக இருக்கட்டும் என்கிறேன்.

குதிரை, முன் ஸ்பீக்கருக்கு 90 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள், ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபல் சரிவு. காற்று இரைச்சல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது, 70 மைலில் ஆறரை இன்ச் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 60 ஹெர்ட்ஸில் காற்றோடு சண்டை போட்டால் காற்றுதான் ஜெயிக்கும். அப்புறம் நாதஸ்வரம் குத்துகிறதே, அதற்காக 2000-லிருந்து 4000 வரை 3 டெசிபல் இறக்குங்கள்.

காதுராஜா
இறக்காதே! அந்த 2000-4000தான் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் பகுதி. குரலில் சொல் புரிவதே அங்கேதான். அதை இறக்கினால் பார்க்கிங்கில் இனிமை, ரோட்டில் முணுமுணுப்பு. நான் எப்போதும் அங்கே 2 டெசிபல் ஏற்றித்தான் வைப்பேன். குத்துகிற இடம் ஏதோ ஒரே ஒரு சின்ன இடம், அதை மட்டும் பிடி.

ஆஸ்டின்குதிரை
கிராஃபை மறுபடி பார்த்தேன். இரண்டு பக்கமும் 3100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு மேடு, அக்கம்பக்கத்தைவிட 6 டெசிபல் உயரம். ஹார்னின் குணம் போல. அதை மட்டும் குறுகலாக 5 வெட்டிவிட்டு, மற்றபடி அண்ணன் சொன்ன மாதிரி 2000-4000 முழுதையும் 2 ஏற்றினேன்.

டெசிபல்துரை
இது நான் சொன்னதைவிட நல்லது. மொத்தமாக இறக்கச் சொன்னது சோம்பேறித்தனம்.

ஆஸ்டின்குதிரை
சனிக்கிழமை காலை டெக்சாஸ் 130 டோல் ரோட்டில் போய்ப் பார்த்தேன், அங்கே 85 மைல் வரை அனுமதி. 75 வரை ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, நாதஸ்வரம் குத்தவில்லை, தவில் அடி மட்டும் கொஞ்சம் மெலிவு. 85-இல் எல்லாம் காற்றுதான், அதை யாராலும் மாற்ற முடியாது என்று விட்டுவிட்டேன். இன்னொன்று: ரேடியோ சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பாஸைத் தானாகக் குறைக்கிறது, மூன்று அளவில் வைத்து அளந்தபோது தெரிந்தது, அதையும் டிஎஸ்பியில் சமன் செய்தேன்.

பின் பெட்டி ஸ்பீக்கர்தான் பாக்கி. காதிலிருந்து முன் ஸ்பீக்கர் 95 சென்டிமீட்டர், பின்னது 60. முன்னும் பின்னும் 35 வித்தியாசம்.

டெசிபல்துரை
ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். பின் ஸ்பீக்கருக்கு ஒரு மில்லி செகண்டு தாமதம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று கழிக்கும்.

காதுராஜா
ஒரு மில்லி செகண்டு! ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை 70 மைலில் காதடைப்பான் போட்ட காது கண்டுபிடிக்குமா? வீட்டுக்காரம்மாவைப் பின்னால் உட்கார வைத்தால் அவருக்கு அந்த ஸ்பீக்கர் தொடைக்குப் பக்கத்தில், அவருக்கு எந்தத் தாமதம் கொடுப்பாய்?

ஆஸ்டின்குதிரை
இரண்டு ப்ரீசெட் போட்டுப் பார்த்தேன், தாமதத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எது எது என்று எனக்குத் தெரியாமல் இருக்கப் பையனை மாற்றி மாற்றி அழுத்தச் சொன்னேன். கராஜில் பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். ரோட்டில், நானே மாற்றியும், ஒரு வித்தியாசமும் இல்லை.

காதுராஜா
ஹா!

டெசிபல்துரை
அண்ணா, சிக்னலில் நிற்கும்போதும் பாட்டு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. குதிரை, அந்த ஒன்றை அழிக்காதீர்கள், காசா பணமா, டிஎஸ்பியில் ஒரு எண், சும்மா கிடக்கட்டும்.