ஆண் குதிரைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நாலு பெட்டைக்கும் சினை பிடிக்கவில்லை

நாங்குநேரி லாயம்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ஆறு வயது மார்வாரி ஆண் குதிரை ஒன்று இருக்கிறது. பால் மறந்த குட்டியாக வந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் இவனுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. அப்புறம் பின்னங்காலில் அடிபட்டு ஏழு மாதம் கட்டுத்தறியிலேயே நின்றான். கால் சரியானதும் தை மாதத்தில் மறுபடி சேர்க்க ஆரம்பித்தோம். நாலு பெட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பருவம். ஒன்றுக்கும் சினை பிடிக்கவில்லை. அதில் மூன்று ஏற்கெனவே குட்டி போட்டவை.

பார்க்க வந்த ஒருவர் விரையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, வெயில் சூடு" என்று சத்து ஊசி போட்டுவிட்டுப் போனார். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி விற்றுவிடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பெட்டைக்குச் சினை பார்க்க ஸ்கேன் எடுப்பது தெரியும். ஆணுக்கும் எடுப்பார்களா? எதைப் பார்ப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டுக் கிழவர்:
வெயில்தான் காரணம் என்று விட்டுவிடாதே தம்பி. பாண்டியர் காலத்தில் காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, நல்ல ஆணையும் பெட்டையையும் சேர்த்தாலும் இந்த மண்ணில் உருப்படியான குட்டி பிறக்காது என்று சொல்லிப் போனார். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. என் தோட்டத்தில் மட்டும் ஒன்பது குட்டிகள் பிறந்திருக்கின்றன. டாக்டர் யாராவது பதில் சொல்லட்டும்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை:
முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி. பெட்டை மேல் ஏறி முடிக்கும்போது வால் மேலும் கீழும் துடிக்கிறதா? உடம்பு ஏறுவதற்கு என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா?

ஆணுக்கும் ஸ்கேன் உண்டு. இரண்டு பாகமாகச் செய்வோம். விரைப்பையின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது ஒன்று. மலக்குடல் வழியாக உள்ளே பார்ப்பது இன்னொன்று. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் குதிரைக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அந்த ஏழு மாத ஓய்வுதான் என் கண்ணை உறுத்துகிறது.

விரையில் தயாராகும் விந்தணு ஒரு குழாய் வழியாக மேலே ஏறி வருகிறது. மூத்திரப்பைக்கு அருகே அந்தக் குழாய் தடித்திருக்கும். அதற்கு ஆம்புல்லா என்று பெயர், இரண்டு பக்கமும் உண்டு. ரொம்ப நாள் சேர்க்காமல் நிற்கிற சில குதிரைகளுக்கு அங்கே விந்தணு தேங்கி இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரை ஏறும், முடிக்கும், திரவமும் வரும். அதில் விந்தணு இருக்காது, அல்லது செத்ததாக இருக்கும். விரையை எவ்வளவு தடவினாலும் இது தெரியாது. அதே ஸ்கேனில் விந்துப்பை, புராஸ்டேட் எல்லாம் தெரியும். விந்துப்பையில் சீழ் இருந்தால் வேறு வைத்தியம்.

ஆனால் ஸ்கேன் விந்தணுவை எண்ணாது. அதனால் விந்து எடுத்தும் பார்க்க வேண்டும். அந்தத் திரவத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் கேளுங்கள். விரையும், அதை ஒட்டி விந்தணு முதிரும் எபிடிடிமிஸ் குழாயும் இருக்கும் பக்கத்திலிருந்து திரவம் வந்து கலந்தால் அது லிட்டருக்கு 1000 யூனிட்டைத் தாண்டும். அப்படித் தாண்டியும் விந்தணு இல்லை என்றால் கோளாறு விரையில். 100க்குக் கீழே என்றால் வழியில் அடைப்பு, அல்லது குதிரை சரியாக முடிக்கவில்லை. வாலைப் பற்றிக் கேட்டது அதற்காகத்தான்.

எச்சரிக்கை ஒன்று. குதிரையின் மலக்குடல் மாட்டுக்கு இருப்பதைவிடச் சுலபமாகக் கிழியும், கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. மாட்டுக்குச் சினை பார்க்க உள்ளே விடும் ஸ்கேன் புரோப்பே இதற்கும் போதும். ஆனால் குதிரையில் கை பழகியவர்தான் செய்ய வேண்டும். மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, மயக்க ஊசி போட்டுச் செய்யச் சொல்லுங்கள். அசிப்ரோமசின் என்கிற மயக்க மருந்து மட்டும் வேண்டாம், சில ஆண் குதிரைகளுக்குக் குறி உள்ளே போகாமல் தொங்கிவிடும். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டு நாள் வாங்கிக்கொண்டு போங்கள்.

நாங்குநேரி லாயம்:
ரொம்ப நன்றி ஐயா. வால் நன்றாகத் துடிக்கிறது. ஸ்டீராய்டு எதுவும் போடவில்லை. காய்ச்சலும் இல்லை. இந்த வாரமே கேட்கிறேன்.

கால்நடை மாணவி:
அண்ணா, படத்தை வாங்கி இங்கே போடுவதானால் ஒரு விஷயம். குதிரை விரையின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அது நடு நரம்பு, அதாவது சிரை. எல்லாக் குதிரைக்கும் உண்டு. காளை ஸ்கேனில் நடுவே வெள்ளைக் கோடுதான் தெரியும். அதையே பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கறுப்பைக் கட்டி என்று பயமுறுத்திவிடலாம்.

நாங்குநேரி லாயம்:
பதினெட்டு நாளாகிவிட்டது, மன்னிக்கவும். ஸ்கேன் எடுத்தாயிற்று. இடது விரை 10.1 × 5.6 × 5.4 செ.மீ., வலது 9.8 × 5.5 × 5.3. இரண்டும் ஒரே சீரான சாம்பல் நிறம், சுற்றி நீர் இல்லை என்றார்கள். தங்கச்சி சொன்ன கறுப்புப் புள்ளியும் இருந்தது, அதைப் பார்த்து நான் பதறவில்லை. உள்ளே ஆம்புல்லா இரண்டும் பருத்து, நடுத்துவாரம் விரிந்து நிறைந்திருக்கிறது. விந்தில் அணுவே இல்லை. பாஸ்பட்டேஸ் 60. படித்ததும் கை நடுங்கியது ஐயா. இனி இவனால் ஆகாதா?

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை:
தம்பி, நான் எதிர்பார்த்ததில் நல்ல பதில் இதுதான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்று அளவையும் பெருக்கி 0.5236 ஆல் பெருக்கினால் இடது 160, வலது 150, ஆக 310 மில்லி. அதை 0.024 ஆல் பெருக்கி 0.76 கழித்தால் ஏறத்தாழ 6.7, இது நூறு கோடிக் கணக்கில். ஒரு நாளைக்கு அவனிடமிருந்து 670 கோடி விந்தணு வரை எதிர்பார்க்கலாம் என்று அர்த்தம். அத்தனை கொடுக்கக்கூடிய விரையை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் வழிதான் அடைத்திருக்கிறது.

மலக்குடல் வழியாக ஆம்புல்லாவை மெதுவாக நீவிவிட்டு, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கொடுத்து, உடனே விந்து எடுப்பார்கள். திறக்கும் வரை இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். திறந்ததும் முதலில் கெட்டியாக, திரிதிரியாக வரும். தலை வேறு வால் வேறாகப் பிரிந்த அணுக்கள் ஏராளமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பழைய சரக்கு. எடுக்க எடுக்கத் தெளியும்.

நாங்குநேரி லாயம்:
மூன்றாம் தடவை திறந்தது ஐயா! நீங்கள் சொன்ன மாதிரியே தயிர்த்திரி போல வந்தது. நேற்று ஆறாம் தடவை. கண்ணாடித் தகட்டில் அணுக்கள் ஓடுவதை எனக்கும் காட்டினார்கள். அம்பாசமுத்திரத்துப் பெட்டை அடுத்த வாரம் பருவத்துக்கு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்து, 16ஆம் நாள் அதற்கு ஸ்கேன் பார்ப்பதாக இருக்கிறோம். பெட்டை இல்லாத மாதங்களில் இவனை என்ன செய்வது?

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை:
சும்மா நிறுத்தாதீர்கள். இது திரும்ப வரக்கூடியது. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது விந்து எடுங்கள். அப்புறம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை அடுத்த ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்வோம். 16ஆம் நாள் படத்தை இங்கே போடுங்கள்.