பிளாக்ஜாக் கேமில் டீலர் ஏமாற்றுகிறதா?

கேள்வி (இரவுப்பறவை):
லேப்டாப்பில் ஒரு இலவச பிளாக்ஜாக் கேம் போட்டிருக்கிறேன், 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய சீட்டாட்டம். டீலர் கம்ப்யூட்டர்தான். பணம் கிடையாது, வெறும் பாயின்ட்தான். எனக்கு ராஜாவும் ராணியும் விழுந்து 20. டீலருக்கு மேலே தெரிவது 6. கவிழ்த்து வைத்ததைத் திருப்பினால் 5, அடுத்து இழுத்தால் ஜாக்கி. 21! என்றைக்கோ ஒருநாள் என்றால் பரவாயில்லை, அடிக்கடி நடக்கிறது. அதுவும் நான் பாயின்ட்டை ஏற்றிக் கட்டும்போதுதான். உள்ளேயே ஏதாவது எழுதி வைத்திருப்பார்களா? அப்புறம், சீட்டை எண்ணி ஜெயிக்கலாம் என்கிறார்களே, அது இதில் எடுபடுமா?

பதில் (கடலைமிட்டாய்):
எல்லாம் அப்படித்தான் சார். நான் வெறுத்துப்போய் ரம்மிக்கு மாறினேன். அதில் கம்ப்யூட்டர் இன்னும் மோசம்.

பதில் (பழைய கட்டு):
ஒரு நோட்டு எடுத்து, உங்கள் கையில் 20 இருந்த ஆட்டங்களை மட்டும் குறித்து வாருங்கள். டீலர் சீட்டு இழுத்து 21 சேர்ப்பது சராசரியாகப் பதினான்கு கைக்கு ஒரு தடவை. 6 தெரியும்போது நூற்றுக்கு 42 தடவை டீலர் 21-ஐத் தாண்டிக் கவிழ்ந்துவிடும். அந்தக் கைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை, இந்த ஜாக்கிதான் தூக்கத்தில் வருவார். பைத்தானில் நானே ஒரு பிளாக்ஜாக் எழுதி விடியவிடிய ஓட்டவிட்டிருக்கிறேன். நேர்மையாகக் கலைத்த கட்டிலும் அவர் வரத்தான் செய்கிறார்.

திருட வேண்டிய தேவையே டீலருக்கு இல்லை. முதலில் இழுப்பது நீங்கள். நீங்கள் 21-ஐத் தாண்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பிறகு டீலரும் தாண்டியிருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஒரு விதியே அதற்குச் சோறு போடும்.

நான் சந்தேகப்பட்டால் சீட்டுக் கலைக்கும் இடத்தைத்தான் நோண்டுவேன். 1999-இல் ஒரு ஆன்லைன் போக்கர் தளத்தில் நடந்தது இது. கணினிக் கடிகாரத்தில் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்பதை வைத்துத்தான் சீட்டைக் கலைத்தார்கள். ஒரு நாளைக்கு 8.64 கோடி மில்லிசெகண்ட், ஆக அத்தனை வரிசைதான் வரும். 52 சீட்டை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண். சில நிரலாளர்கள் கைக்கு வந்த சீட்டையும் மேஜையில் விரித்த சீட்டையும் வைத்தே எதிராளி கையில் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். கவனியுங்கள், அங்கே மாட்டியது தளம், ஆட்டக்காரர் இல்லை.

சீட்டு எண்ணுவது: எட்வர்ட் தோர்ப் என்ற கணித அறிஞர் ஐபிஎம் 704 கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியது, ஆடி முடித்த சீட்டை ஒதுக்கி வைக்கும் மேஜைக்கு. உங்கள் கேம் ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கிறதா என்று பாருங்கள். கலைத்தால் போன சீட்டெல்லாம் திரும்பி வந்துவிடும், எண்ணுவது வீண்.

இரவுப்பறவை:
ஆமாம், ஒவ்வொரு தடவையும் கலைப்பதுபோலக் காட்டுகிறது. இன்னொன்று: 10 பாயின்ட் கட்டி பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) அடித்தால் 12 தருகிறது. சரிதானே?

பழைய கட்டு:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! 15 வர வேண்டும், 2-க்கு 3 என்பதுதான் பழைய கணக்கு. 5-க்கு 6 தந்தால் நூறு பாயின்ட்டுக்குச் சுமார் 1.4 கூடுதலாக டீலர் பக்கம் போகும். நன்றாக ஆடுபவருக்கு எதிராக டீலருக்கு இருக்கும் மொத்த அனுகூலமே பல மேஜைகளில் அரை பாயின்ட்தான். செட்டிங்ஸில் மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேறு கேம் தேடுங்கள். டீலர் ஏஸ் காட்டி இன்சூரன்ஸ் (டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று கட்டும் தனிப் பந்தயம்) வேண்டுமா என்று கேட்டால், உங்கள் கையில் என்ன இருந்தாலும் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.