ராம்டாவில் ஜிஎஸ்டி வரி சேர்க்கும்போது ‘செயற்கூறு அல்ல’ என்ற பிழை: உதவி தேவை

தரமணித்தம்பி: மயிலாப்பூர் உணவகம் ஒன்றின் ரசீது மென்பொருளில், பொருள்களின் விலையோடு 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்துக் கூட்டுவதற்கு ராம்டா என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில், செயற்கூறுகளை (ஃபங்ஷன்) வரிசையாகக் கோத்து இயக்கும் பைப்பைப் பயன்படுத்துகிறேன். பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு செயற்கூற்றை இயக்கும் மேப் வரும் இடத்தில் ‘செயற்கூறு அல்ல’ என்று நின்றுவிடுகிறது. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும், யாரேனும் உதவுங்கள்.

பெருங்குடியான்: நிரலைக் காட்டாமல் எதைப் பார்த்துச் சொல்வது? வரி சேர்க்கும் செயற்கூற்றையாவது எழுதுங்கள்.

வடபழனி வாசகர்: எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டை அப்படியே மேப்பிடம் கொடுத்திருப்பீர்கள். வரிசை எண்ணும் சேர்ந்து போய் எண்ணின் அடிமானமாகக் கொள்ளப்படுவதால் ‘6’, ‘8’, ‘10’ என்பதில் எட்டு எண்ணல்லாத மதிப்பாகவும் பத்து 2 ஆகவும் மாறிவிடும்.

அடையாற்று ஆலமரம்: அது ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்த மேப்பில் நடப்பது. ராம்டாவின் மேப் உறுப்பை மட்டுமே அனுப்பும் என்பது ஆவணத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். இங்கு அந்த வழக்கம் குறைந்துவருகிறது.

வடபழனி வாசகர்: ஐயா, மேப், ஃபில்டர், ரெடியூஸ் எல்லாம் மொழியிலேயே இருக்கும்போது ஒரு ரசீதுக்கு நூலகம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அடையாற்று ஆலமரம்: தரவைக் கடைசி அளவுருவாக வைத்து, செயற்கூறுகளைக் கோத்துக்கொண்டே போகும் வசதி அவற்றில் இல்லை. அப்படிக் கோப்பதை மொழியிலேயே சேர்க்கும் பைப்லைன் குறியீட்டுக்கான முன்மொழிவு 2021 முதல் இரண்டாம் கட்டத்திலேயே நிற்கிறது. அது வரும்வரை உணவகக்காரர் காத்திருப்பாரா?

தரமணித்தம்பி: ‘வரிசேர்’ என்ற செயற்கூற்றை, அளவுருக்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும்படி கர்ரி செய்திருக்கிறேன். அளவுருக்கள் விகிதம், விலை. சில பொருள்களுக்கு விலையே வராததால் ‘விலை = 0’ என்று வைத்தேன். மேப்புக்குள் ‘வரிசேர்(0.05)’ என்று கொடுக்கிறேன்.

பெருங்குடியான்: சிக்கல் அந்த ‘= 0’ தான். எத்தனை அளவுருக்களுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கர்ரி, செயற்கூற்றின் லெங்த் பண்பைப் பார்த்தே முடிவுசெய்கிறது. அந்தப் பண்போ இயல்புநிலை மதிப்புள்ள முதல் அளவுருவுக்கு முன்னிருப்பவற்றை மட்டுமே எண்ணும். எனவே உங்களுடையது 1. விகிதத்தைக் கொடுத்தவுடனேயே கணக்கு முடிந்து பூஜ்ஜியம் திரும்ப, மேப் அந்தப் பூஜ்ஜியத்தைச் செயற்கூறாக அழைக்கப் பார்க்கிறது. கர்ரிக்குப் பதிலாக, அளவுருக்களின் எண்ணிக்கையை நாமே சொல்லும் கர்ரிஎன் போட்டு, முதலில் 2 என்று கொடுங்கள்.

அடையாற்று ஆலமரம்: சரியான விடை. விலை அன்டிஃபைன்டாக (மதிப்பே தரப்படாததாக) வந்தாலும் கர்ரிஎன் அதை ஓர் அளவுருவாகவே எண்ணுவதால் ‘= 0’ வேலைசெய்யும். ஆனால் தரவுத்தளத்திலிருந்து, மதிப்பு இல்லை என்று குறிக்கும் ‘நல்’ (null) வந்தால் அந்த இயல்புநிலை மதிப்பு எட்டிக்கூடப் பார்க்காது.

தரமணித்தம்பி: கர்ரிஎன் போட்டதும் ரசீது வந்துவிட்டது. நன்றி.