ஆரல்வாய்மொழிக் காற்றைக் கடல் தாண்டி அனுப்ப முடியுமா?

தோவாளை வாசகர்:
ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல் வழியாகப் பேருந்தில் வரும்போது, ஒரு காற்றாலை விர்ரென்று சுழல, அதற்கு அடுத்தது இறக்கைகளின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டியபடி சும்மா நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வழியில்லாத நேரங்களில் நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் என் மைத்துனர் கூறினார். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பேசப்பட்ட ‘ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே மின்தொகுப்பு’ என்ற, நாடுகளின் மின்கட்டமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் வந்தால் இது வீணாகாமல் இருக்குமா? அல்லது வழியிலேயே பாதி கரைந்துவிடுமா?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:
கரையாது, தம்பி. உயர் மின்னழுத்த நேர்திசை (DC) மின்தடத்தில் 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான் இழப்பு. இரு முனைகளிலும் மாறுதிசை (AC) மின்சாரத்தை நேர்திசையாகவும் திரும்பவும் மாற்றும் நிலையங்களில் இன்னும் சிறிது போகும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தைக் கடலடிக் கேபிளில் நெடுந்தூரம் அனுப்ப முடியாததற்குக் காரணம், கேபிளே ஒரு மின்தேக்கியைப் போல ஓயாமல் நிரம்பி வடிந்து, கடத்தும் திறனைத் தானே தின்றுவிடுவதாகும். நேர்திசை மின்சாரத்தில் அந்தத் தொல்லை இல்லாததால்தான், நார்வேயையும் பிரிட்டனையும் இணைக்கும் 720 கிலோமீட்டர் கடலடித் தடம் 1,400 மெகாவாட் திறனுடன் 2021-இல் இயங்கத் தொடங்கியது. பிரிட்டனில் காற்று மிகுந்தால் நார்வே அதை வாங்கிக்கொண்டு, தன் அணைநீரைத் திறக்காமல் வைத்திருக்கலாம்.

ஆனால் முப்பந்தலுக்கு முதல் மருந்து உள்நாட்டிலேயே இருக்கிறது. தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்திசைவாக, அதாவது ஒரே அதிர்வெண்ணில் இயங்கும்படி, இணைந்ததே 2013 டிசம்பர் 31-இல்தான். அதன்பின் வந்த, சத்தீஸ்கரின் ராய்கரையும் கரூர் மாவட்டப் புகளூரையும் இணைக்கும் 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்திசைத் தடத்தில், இங்கே காற்று மிகுந்தால் மின்சாரத்தை வடக்கே திருப்பியும் அனுப்பலாம்.

மார்த்தாண்டம் வாசகர்:
அண்ணாச்சி சொல்வதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இங்கே இரவு 7 மணிக்கு விளக்குப் போடும்போது சவூதியில் மாலை 4.30 என்பதால், உலகத் தொகுப்பு சூரிய ஒளிக்குப் பொருந்தும். காற்றின் கணக்கோ வேறு. நம் காற்றுக் காலத்தில் இலங்கையின் மன்னாரிலும் அதே தென்மேற்குக் காற்றுதான் வீசுகிறது. நேபாளம், பூட்டான் ஆறுகளிலும் வெள்ளம் புரள்கிறது. எல்லாரும் விற்பவர்களாக இருந்தால் வாங்குவது யார்?

தோவாளை வாசகர்:
மைத்துனரிடம் மீண்டும் கேட்டேன். அவர்களை நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் இரவு 2 மணியளவில்தானாம்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:
அப்படியானால் என் பதிலைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். அந்நேரம் சவூதியில் இரவு 11.30தான், கோடைப் புழுக்கத்தில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடிக்கொண்டிருக்கும்; அதனால் நம் காற்று மின்சாரத்தை வாங்க அங்கே ஆள் இருக்கலாம்.