பள்ளி திறக்கிறது: ஒன்பது வயது மகளைத் தனியாக நடக்க விடலாமா?

இளவேனில்:
விடுமுறை முடிந்து அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது. நடந்து போகிற தூரம்தான், ஆனால் நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். இந்த ஆண்டு தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். பைக்கில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்கிறார் அவள் அப்பா. எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

கதிரவன்:
தாராளமாக நடக்கவிடுங்கள். காலையில் பள்ளி வாசலில் இருக்கும் நெரிசலைப் பாருங்கள். அத்தனையும் பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட வந்த வண்டிகள். நம் பிள்ளைக்கு ஆபத்து என்று நாம் காரை எடுக்கிறோம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கார்தான் ஆபத்து. பைக்கில் போனால் பாதுகாப்பு என்பதும் எனக்குப் புரியவில்லை. பின்னால் உட்காரும் பிள்ளைக்கு அவள் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசம் வாங்கியாகிவிட்டதா?

தமிழரசி:
கதிரவன், பொதுவாகப் பேசும்போது எல்லாம் நியாயமாகத்தான் தெரியும். சாலையோரம் நிற்கப்போவது ஒன்பது வயதுக் குழந்தை. வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் அந்த வயதில் முழுதாக வந்திருக்காது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்திருக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி நெருங்கிக்கொண்டிருப்பதையே பிள்ளைகளால் உறுதியாக உணர முடியவில்லை. உயிரை எடுக்கக்கூடிய வண்டிதான் அவர்கள் கண்ணுக்கு நின்றுகொண்டிருப்பதுபோல் தெரிகிறது! நாம் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கும் பிள்ளைக்கும் இதுதான் நிலை.

இன்னொன்று. இளவேனில், ஒரு நாள் அந்தச் சாலையோரம், நிறுத்திவைத்த இரண்டு கார்களுக்கு நடுவில், உங்கள் மகளின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவது பக்கத்துக் காரின் கதவும் சக்கரமும்தான். சாலையைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாலைக்குள் நீட்டித்தான் ஆக வேண்டும். விடுமுறையில் காலியான சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் அந்த முதல் வாரத்தில் எப்படி வருவார்கள் என்பதையும் யோசியுங்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் பிள்ளையின் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்க முடியாது.

கதிரவன்:
அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. அதையே வைத்துக் கேட்கிறேன்: 32க்கு மேல் வரும் வண்டி பிள்ளைக்குப் புலப்படாது என்று தெரிந்த பிறகும் பள்ளி வாசலில் 50இல் ஏன் வரவிடுகிறோம்?

கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். பிள்ளை குறுக்கே வந்ததை ஓட்டுநரின் மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30இல் வந்த கார் 13 மீட்டர் அளவில் நின்றேவிடும். 50இல் வந்த கார் அதே இடத்தைத் தாண்டும்போது பிரேக்கே பிடித்திருக்காது, முழு வேகத்தில் இருக்கும். ஒரே சாலை, ஒரே பிள்ளை, ஒரே கவனம்.

நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டர் உச்சவரம்பு வேண்டும் என்று 2020இல் சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் 2019இல் நடந்து சென்றவர்களும் சைக்கிளில் சென்றவர்களும் ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி அதைச் சாதிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்கள், கார்களுக்கான இடத்தைக் குறைத்தார்கள். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அங்கே சாலைகள் மாறின. அந்தப் பெற்றோர் எல்லோரும் ஆளுக்கொரு கார் வாங்கிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் என்ன மாறியிருக்கும்?

பள்ளிப் பேருந்து ஓட்டுநர்:
நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏறி இறங்கும் இடத்தைப் பற்றியும் கேளுங்கள். எங்கள் பேருந்தின் முன்பக்கம் உயரமானது. பம்பரை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளையை என் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது. இறங்கிய பிள்ளையின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி உருளும், அவள் அதை எடுக்கக் குனிவாள். அந்தக் கணத்தில் எனக்கு அவள் இல்லை. அதனால் பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பேருந்துக்கு முன்னால் போவதானால் பத்து அடி தள்ளிப் போ, என் முகத்தைப் பார், நான் கையசைத்த பிறகு கட. கீழே விழுந்ததை எடுக்காதே, என்னிடம் சொல். பேருந்துக்குப் பின்னால் போகவே போகாதே.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இறங்கும்போது சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அம்மாவைக் கண்டதும் பிள்ளை ஓடிவரும், எந்தப் பக்கமும் பார்க்காது.

தமிழரசி:
ஓட்டுநர் ஐயா சொன்னதை ஒவ்வொரு பள்ளியும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

கதிரவன், சாலையை மாற்ற வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. சாலை மாறுவதற்குள் இந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுவாள். திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்றுதான் அவர் கேட்கிறார். என் பதில்: கூடவே நடந்து போங்கள், பெரிய சாலையைக் கடக்கவைத்துவிட்டுத் திரும்புங்கள். தினமும் உங்களால் முடியாவிட்டால் அதே வழியில் வரும் பிள்ளைகளைச் சேர்த்து, பெற்றோர் முறைவைத்து ஆளுக்கொரு நாள் அழைத்துப் போகலாம்.

கதிரவன்:
கூட நடப்பது எனக்கும் சம்மதம். ஆனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அவள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டாள். அவளை முன்னால் விடுங்கள். எங்கே நிற்பது, எப்போது கடப்பது என்பதை அவளே வாய்விட்டுச் சொல்லட்டும். நீங்கள் ஓரடி பின்னால் நின்று, தவறினால் மட்டும் தடுங்கள். நிறுத்திய வண்டிகளுக்கு நடுவில் கடக்கவே கூடாது. சற்றுச் சுற்றினாலும் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போகட்டும். பள்ளி திறக்கும் முன்பே, காலை அதே நேரத்தில் பழக்குங்கள். மதிய நேரத்துச் சாலையும் காலைச் சாலையும் ஒன்றல்ல.

இளவேனில்:
நாளை காலையே அவளை முன்னால் விட்டு நடக்கப்போகிறோம். சிக்னல் வழியாகப் போனால் கொஞ்சம் சுற்று, பரவாயில்லை. பெரிய சாலையைக் கடக்கும் வரை நானோ அவள் அப்பாவோ கூடப் போவோம், அதற்கப்பால் தோழியோடு போகட்டும். பள்ளி வாசலுக்கு முன் வேக வரம்புப் பலகை எதுவும் இல்லை. அதைக் கேட்டு நிர்வாகத்துக்கு இன்றே எழுதுகிறேன். பெரிய சாலையைத் தனியாகக் கடப்பது எப்போது?

தமிழரசி:
பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டாம்.

கதிரவன்:
வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும், சாலை முனையில் திரும்பி வரும் வண்டி நின்றுவிட்டதா என்று அவளாகவே பார்க்கிறாளா? நீங்கள் நினைவூட்டாமலே வாரக்கணக்கில் அப்படிப் பார்த்தால் விடலாம்.

தமிழரசி:
நீங்கள் பின்னால் நிற்பது தெரிந்தால் எந்தப் பிள்ளையும் பார்க்கும். அவள் அறியாமல் தள்ளி நின்று கவனித்த பிறகு முடிவெடுங்கள்.