கார்க் நகர கவுன்சில்: வேலை அனுமதியில் இருப்பவருக்கு ஓட்டு உண்டா? எண் போடுவது எப்படி? கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம்?

மாறன்_பாலின்கொலிக்:

வணக்கம். நானும் மனைவியும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள். வேலை அனுமதியில் வந்து கார்க் நகரத்தின் பாலின்கொலிக் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அயர்லாந்தின் உள்ளாட்சி பற்றி நாலு விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

குடியுரிமை இல்லாமலே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்கிறார்கள். உண்மையா? அப்படியென்றால் எங்கே, எப்படிப் பெயர் சேர்ப்பது?

2024 முடிவுகளைப் பார்த்தால் ஒவ்வொரு தொகுதியிலும் சுற்றுச் சுற்றாக எண்ணியிருக்கிறார்கள். முதல் சுற்றில் பின்னால் இருந்தவர் கடைசியில் முந்திவிடுவது எப்படி? எனக்குப் பிடித்தவருக்கு 1 மட்டும் போட்டுவிட்டு வந்தால் போதாதா?

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போன கவுன்சிலர்களின் இடத்தில் இடைத்தேர்தல் இல்லாமலே புது ஆட்கள் வந்துவிட்டார்கள். அது எந்தச் சட்டத்தில்?

கடைசியாக, எங்கள் குடியிருப்புச் சாலையில் பெரிய பள்ளம், விளக்கு இரண்டு எரியவில்லை. கவுன்சிலரிடம் சொல்வதா, அலுவலகத்திலா?

லீக்கரை:

முதல் கேள்விக்குப் பதில்: உண்டு. உள்ளாட்சித் தேர்தலுக்கு 18 வயது நிறைந்து, அந்த முகவரியில் வழக்கமாகக் குடியிருந்தால் போதும். குடியுரிமை, விசா வகை எதையும் பார்ப்பதில்லை. மாணவர்களும் போடலாம். மற்ற தேர்தல்கள் வேறு: டாய்ல் எனப்படும் கீழவைக்கு ஐரிஷ், பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள், குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் பொதுவாக்கெடுப்புக்கும் ஐரிஷ் குடிமக்கள் மட்டும். உள்ளாட்சித் தேர்தலும் ஐரோப்பியத் தேர்தலும் ஒரே நாளில் நடப்பதால் வாக்குச் சாவடியில் உங்களுக்கு ஒரு சீட்டுதான் தருவார்கள், பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு தருவார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெயர் சேர்ப்பது ‘செக் தி ரெஜிஸ்டர்’ தளத்தில். பிபிஎஸ் எண் (அரசு சேவைகளுக்கான தனிநபர் எண்), பிறந்த தேதி, எய்ர்கோட் (வீட்டின் அஞ்சல் குறியீடு) மூன்றும் கையில் இருந்தால் சில நிமிட வேலை. பிபிஎஸ் எண் இல்லாதவர்கள் ஈஆர்எஃப்1 படிவத்தை கார்டா எனப்படும் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். 2022 சட்டத்துக்குப் பிறகு பட்டியல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. 2024 ஜூன் 7 தேர்தலுக்கு அது மே 20. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029. ஆனாலும் இப்போதே சேர்த்துவிடுங்கள், காரணம் சொல்கிறேன்.

வாடகை வீட்டுக்காரர்கள் ஓட்டை இழப்பது பெரும்பாலும் முகவரியால்தான். வீடு மாறும்போது பழைய முகவரியிலேயே பெயர் கிடக்கும். வாக்காளர் அட்டை அங்கே போகும், இவர்கள் புதுத் தொகுதிச் சாவடிக்குப் போய் நிற்பார்கள். கார்க்கில் இது இன்னும் சிக்கல். 2019 மே 31 அன்று நகர எல்லை விரிந்து பாலின்கொலிக், டக்ளஸ், பிளார்னி, கிளான்மைர், விமான நிலையம் எல்லாம் மாவட்ட கவுன்சிலிலிருந்து நகர கவுன்சிலுக்கு வந்தன. கேரிகலைன் இன்னும் மாவட்டத்தில்தான். ஆக, பாலின்கொலிக்கிலிருந்து கேரிகலைனுக்கு வீடு மாறினால் கவுன்சிலே மாறிவிடுகிறது. பதிவை அவசியம் மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாளைக்கு ஐரிஷ் குடியுரிமை கிடைத்தால் பட்டியல் தானாக மாறாது. அதே தளத்தில் போய்க் குடியுரிமை விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுத்தேர்தல் அன்று உள்ளாட்சிக்கு மட்டும் உரிய வாக்காளர் என்று குறியிட்டிருக்கும், சீட்டு தர மாட்டார்கள். குடியுரிமை விழாவில் சான்றிதழ் வாங்கிய வாரமே இதைச் செய்துவிடுவது நல்லது.

தேர்தல் நாளில் அடையாள ஆவணம் கேட்கலாம். பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் எடுத்துப் போங்கள். வாக்காளர் அட்டை வராவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டு உண்டு.

சுதன்_டாலா:

எண்ணும் முறையை நான் விளங்கப்படுத்துறேன். சீட்டில வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி 1, 2, 3 எண்டு எண் போடுறம்; 1தான் முதல் விருப்பம். உங்கட தொகுதி கார்க் நகரம் தென்மேற்கு, 7 இடம். நகர கவுன்சிலுக்கு மொத்தம் 5 தொகுதி, 31 உறுப்பினர்.

ஜெயிக்கத் தேவையான எண்ணிக்கையைக் ‘கோட்டா’ எண்டு சொல்லுவினம். செல்லுபடியான வாக்குகளை, இடங்களோட ஒண்டைக் கூட்டி வர்ற எண்ணால வகுத்து, பின்னத்தை விட்டு, ஒண்டு கூட்டவேணும். ஒரு கணக்குக்கு 12,000 வாக்கு எண்டு வைப்பம். 7 இடமெண்டால் 8ஆல வகுக்க 1,500, அதோட 1. கோட்டா 1,501.

‘அ’வுக்கு முதல் விருப்பம் 1,801 வந்தால் அவர் தெரிவாகிட்டார், 300 மிச்சம். இந்த 300ஐ எப்பிடிப் பங்கிடுறது? அவரின்ர 1,801 சீட்டையும் திரும்பப் பார்த்து அடுத்த விருப்பப்படி பிரிப்பினம். அதில 1,500 சீட்டில அடுத்த விருப்பம் இருக்கு எண்டு வைப்பம்: ‘ஆ’வுக்கு 750, ‘இ’க்கு 450, ‘ஈ’க்கு 300. போகவேண்டியது 300, மாற்றக்கூடியது 1,500, ஆகவே ஐந்திலொரு பங்கு. ‘ஆ’ 150, ‘இ’ 90, ‘ஈ’ 60 எண்டு கிடைக்கும். அடுத்த விருப்பம் இல்லாத 301 சீட்டும் ‘அ’வோடயே இருந்திடும்.

மிச்சம் இல்லாத சுற்றில ஆகக் குறைவாக உள்ளவரை வெளியேற்றி, அவரின்ர சீட்டு எல்லாத்தையும் முழுப் பெறுமதியோட அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவினம். இந்த இடத்திலதான் முதல் சுற்றில பின்னால நிண்டவர் மேல வாறார். கட்சி வித்தியாசம் பாராமல் ஊரில பலருக்கும் வேண்டியவராக இருந்தால் 2, 3, 4 எண்டு நிறைய விழும். முதல் விருப்பம் கூட இருந்தும் மற்றவையின்ர வாக்காளருக்குப் பிடிக்காதவர் அதே இடத்தில நிண்டிடுவார். கடைசி இடத்துக்குப் போட்டி கோட்டாவைத் தொடாமலேயும் முடியலாம்: மிஞ்சின ஆக்களும் மிஞ்சின இடங்களும் சமமாக வந்தால் அவை தெரிவானவைதான்.

இலங்கையில விருப்பு வாக்குப் போட்டுப் பழகினவை கவனிக்கவேணும். அங்க ஒரு கட்சியைத் தெரிஞ்சு அதுக்குள்ள மூண்டு பேருக்குப் போடுறது, மூண்டும் சம பெறுமதி. இங்க கட்சிக்கு வாக்கே இல்லை, ஆளுக்குத்தான். 1 போட்ட ஆள் தெரிவாகும் வரைக்கும் அல்லது வெளியேறும் வரைக்கும் 2ஐப் பார்க்கமாட்டினம். ஆகவே 2 போட்டால் 1க்குப் பாதகம் எண்டு பயப்படத் தேவையில்லை.

1 மட்டும் போட்டாலும் சீட்டுச் செல்லும். ஆனால் உங்கட ஆள் மூண்டாம் சுற்றில வெளியேறினால் உங்கட வாக்கு அதோட முடிஞ்சுது. மிச்சம் ஐந்து ஆறு இடத்தை ஆர் பிடிக்கிறது எண்டதில உங்களுக்குப் பங்கில்லை. அறவே வேண்டாம் எண்டு நினைக்கிற ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் வரிசையாக எண் போடுறதுதான் என்ர அபிப்பிராயம்.

ஒரு பிழை அடிக்கடி நடக்குது. இரண்டு சீட்டுத் தந்தால் ஒண்டில 1, 2, 3 போட்டிட்டு மற்றதில 4, 5 எண்டு தொடருவினம். கெரி மாவட்டத்தில லிஸ்டவல் தொகுதியில 2014இல அப்பிடியான சீட்டுகளை எண்ணினது வழக்காகி, 2015இல உச்ச நீதிமன்றம் அவை செல்லாது, திரும்ப எண்ணுங்கோ எண்டு தீர்ப்புக் குடுத்தது. ஒவ்வொரு சீட்டிலயும் 1இல இருந்து தொடங்கவேணும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போட்டாலும் அந்த இடத்தோட வரிசை அறுந்துபோம். அது 1 எண்டால் முழுச் சீட்டும் போச்சு.

நிலா_சவுத்மால்:

சுதன் அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். மிச்சத்தைப் பிரிக்க எல்லாச் சீட்டையும் பார்ப்பது முதல் சுற்றிலேயே கோட்டா தாண்டியவருக்குத்தான். நாலாவது சுற்றில் மாறி வந்த வாக்குகளால் ஒருவர் கோட்டாவைத் தாண்டினால், கடைசியாக வந்த அந்தச் சீட்டுக் கட்டு ஒன்றை மட்டும்தான் பார்ப்பார்கள். எண்ணும் மண்டபத்தில் கட்சிக்காரர்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்தபடி கட்டுக் கட்டாகக் குறித்துக்கொண்டே இருப்பது இதைக் கணிக்கத்தான்.

இடைத்தேர்தல் விஷயம்: உள்ளாட்சியில் இடைத்தேர்தலே கிடையாது. காலியான இடத்தைக் கவுன்சிலே நிரப்பிக்கொள்ளும். 2001 உள்ளாட்சிச் சட்டம் அப்படி. இடம் எந்தக் கட்சியுடையதோ அந்தக் கட்சி சொல்லும் ஆள்தான் வருவார். டாய்லிலோ மேலவையான செனட்டிலோ இருப்பவர் கவுன்சிலராகவும் இருக்கக் கூடாது என்று 2003இல் சட்டம் வந்தது. ஜூன் 2024இல் கவுன்சிலராகி நவம்பரில் டாய்லுக்குப் போனவர்கள் ஐந்தாண்டில் ஐந்தே மாதம் இருந்துவிட்டு இடத்தைக் கட்சிக்கு விட்டுப் போனார்கள். யாரும் ஓட்டுப் போடாத ஒருவர் நாலரை ஆண்டு உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்பவரிடம் ‘பொதுத்தேர்தலிலும் நிற்பீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்போது பள்ளமும் விளக்கும். அயர்லாந்தில் கவுன்சிலரின் கையில் இருப்பதும் தலைமை நிர்வாக அதிகாரியின் கையில் இருப்பதும் சட்டத்திலேயே பிரிந்திருக்கின்றன. இந்த ஏற்பாடு முதலில் வந்ததே கார்க்கில்தான், 1929இல். கவுன்சிலர்கள் ஓட்டெடுத்து முடிவு செய்வது: ஆண்டு வரவுசெலவுத் திட்டம், வணிக இடங்களுக்கான வரி விகிதம், சொத்து வரியைச் சட்டம் விடும் வரம்புக்குள் ஏற்றுவது இறக்குவது, நகர வளர்ச்சித் திட்டம், துணை விதிகள், கவுன்சில் தானே செய்யும் பூங்கா, நூலகம் போன்ற பணிகள். பட்ஜெட்டை ஒழுங்காக நிறைவேற்றாவிட்டால் அமைச்சர் கவுன்சிலையே கலைக்கலாம். டப்ளினில் 1969இல் அது நடந்திருக்கிறது.

அதிகாரி முடிவு செய்வது: ஒரு தனி வீட்டுக்குக் கட்டட அனுமதி, கவுன்சில் வீடு யாருக்கு, ஊழியர் நியமனம், எந்தப் பள்ளத்தை எப்போது அடைப்பது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்புகிறார் என்று கவுன்சிலரிடம் போய்ப் பயனில்லை. விண்ணப்பம் போட்ட 5 வாரத்துக்குள் 20 யூரோ கட்டி நீங்களே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் பிறகு மேல்முறையீட்டு உரிமையும் பொதுவாக இல்லை. இதைத் தெரியாமல் கவுன்சிலரின் பதிலுக்குக் காத்திருந்து ஐந்து வாரத்தையும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

உங்கள் சாலைக்கு முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குடியிருப்பைக் கவுன்சில் பொறுப்பேற்றிருக்கிறதா என்பதை. புதுக் குடியிருப்புகள் பலவற்றில் சாலையும் விளக்கும் இன்னும் கட்டுமான நிறுவனத்தின் பொறுப்பிலோ மேலாண்மை நிறுவனத்தின் பொறுப்பிலோ இருக்கும். அங்கே கவுன்சிலுக்கு எத்தனை புகார் போட்டாலும் லாரி வராது. கவுன்சிலின் சாலைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். பொறுப்பேற்றிருந்தால் சேதியை அலுவலகத்தில் பதிந்து குறிப்பு எண் வாங்குங்கள். பள்ளத்துக்கு எய்ர்கோட், அளவு தெரியும்படி ஒரு படம். விளக்குக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண். அந்த எண் இல்லாத புகார்தான் கிடப்பில் போகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அசைவில்லை என்றால் குறிப்பு எண்ணோடு கவுன்சிலருக்கு எழுதுங்கள்; அதிகாரியிடம் அவர் எழுப்ப ஒரு பிடி கிடைக்கும். பொறுப்பேற்கவே இல்லை என்றால்தான் கவுன்சிலர் உண்மையில் தேவை, ஏனென்றால் குடியிருப்பைப் பொறுப்பேற்பது கவுன்சிலர்களின் வாக்கெடுப்பில் வருவது.

குழாய் உடைந்தால் தண்ணீர் நிறுவனமான உய்ஷ்கே ஏரன், மருத்துவம் என்றால் அரசு சுகாதார அமைப்பான ஹெச்எஸ்இ, பேருந்து என்றால் தேசியப் போக்குவரத்து ஆணையம். இவை எதுவும் கவுன்சில் அல்ல.

மாறன்_பாலின்கொலிக்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சின்னக் கேள்வி. ஓட்டுப் போடலாம் என்றால் நிற்கவும் முடியுமா? மேயரை நாமே தேர்ந்தெடுக்கலாமா?

லீக்கரை:

மேயர் முதலில். லிமெரிக்கில் மட்டும்தான் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 வாக்கெடுப்பில் லிமெரிக் ஏற்றது, கார்க்கும் வாட்டர்ஃபோர்டும் நூலிழையில் மறுத்தன. 2024 ஜூன் 7 தேர்தலில் ஜான் மோரன் அங்கே முதல் நேரடி மேயரானார். தலைமை அதிகாரியின் அதிகாரங்கள் பல அவரிடம் போயின. கார்க்கிலும் டப்ளினிலும் லார்ட் மேயரைக் கவுன்சிலர்களே ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிகள் முன்கூட்டியே பேசி ஆண்டுகளைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்.

நிற்கவும் முடியும், குடியுரிமை தேவையில்லை. கேரளத்திலிருந்து வந்த பேபி பெரேப்பாடன் 2024இல் தெற்கு டப்ளின் மாவட்ட கவுன்சிலின் மேயரானார். கட்சி சார்பில் நின்றால் கட்சியின் சான்றிதழ் போதும். சுயேச்சை என்றால் அதே தொகுதி வாக்காளர்கள் 15 பேரின் ஒப்புதல், அல்லது 100 யூரோ வைப்புத்தொகை. கோட்டாவில் கால்பங்குக்கு மேல் வாக்கு வந்தால் பணம் திரும்பும். கவுன்சிலர் ஊதியம் 2021 ஜூலையில் ஆண்டுக்கு 25,788 யூரோ என்று நிர்ணயமாகிப் பிறகு உயர்ந்திருக்கிறது. மாலையும் வார இறுதியும் கூட்டங்களுக்கே போய்விடும் என்பதால் முழுநேர வேலையோடு சமாளிப்பது கடினம்.

சுவரொட்டி விதியில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்தலுக்கு 30 நாளுக்கு முன் கட்டக் கூடாது, முடிந்த 7 நாளுக்குள் கழற்றிவிட வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். காலம் கடந்து தொங்கினால் 150 யூரோ அபராதம். கம்பத்தில் கட்டிய நெகிழிப் பட்டையையும் வெட்டி எடுக்க வேண்டும். பலர் அட்டையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நன்கொடையில் ஒருவரிடம் ஆண்டுக்கு 1,000 யூரோவுக்கு மேல் வாங்க முடியாது, ரொக்கம் என்றால் 200தான். செலவுக் கணக்கையும் நன்கொடைக் கணக்கையும் வாக்குப்பதிவு முடிந்த 90 நாளுக்குள் கவுன்சிலில் கொடுக்க வேண்டும். ஒரு காசு வாங்காவிட்டாலும், தோற்றிருந்தாலும், ‘இல்லை’ என்று எழுதியாவது கொடுத்தாக வேண்டும்.