நன்னாரிப் பாகு: படிக் கணக்கைக் கிலோவாக மாற்ற உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் தெருக் கோயிலில் சித்திரைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். நன்னாரி சர்பத்துக்குப் பாகு காய்ச்சுவது என் பொறுப்பு. அத்தை எழுதித் தந்த சீட்டில் எல்லாமே படி, ஆழாக்கு. மளிகைக் கடையிலோ கிலோவில் சொன்னால்தான் ஆகும்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. பாகில் சர்க்கரை ஏற ஏற கனமும் ஏறும். சர்க்கரையும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கரைத்தால் லிட்டர் சுமார் 1.23 கிலோ. சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்றால் 1.33 கிலோ. தேன் 1.4 கிலோவைத் தொடும். ஆக, கெட்டிப் பாகு 10 லிட்டர் வேண்டுமென்றால் தராசில் 13 கிலோவுக்கு மேல் நிற்கும், அதில் சர்க்கரையே 9 கிலோவுக்குப் பக்கம்.

இதுவரை சரி. அடுப்பில் ஏற்றியதும்தான் குழப்பம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிவிடுவதால் போட்ட பங்கு ஒன்று, இறக்கும்போது இருக்கும் பங்கு வேறு. விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் பதத்தில் இறக்கச் சொல்கிறார் அத்தை. அந்தப் பதத்தில் இறக்கி, நன்றாக ஆறிய பிறகு எடை போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: லிட்டருக்கு எவ்வளவு நின்றது? சூட்டோடு அளந்த கணக்கு வேண்டாம், சூட்டில் பாகு விரிந்திருக்கும்.

இன்னொன்று, தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பழைய படி வைத்திருப்பவர்கள் அதில் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. பெரிய படியா, சின்னப் படியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.